வினையின் கையும் நரம்பின் கையும்: தொழுநோயுற்ற கை குறித்த தமிழ்ப் பனுவல் பார்வை – செங்கற்பட்டுத் திருமணியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொழுநோயால் விரல் மடங்கிய கையைத் தமிழ்ப் பனுவல்கள் பெரும்பாலும் வினைப்பயனின் அடையாளமாகவே காட்டியுள்ளன. நாலடியாரின் ‘தீவினையச்சம்’ அதிகாரத்தில் இடம்பெறும் ஒரு வெண்பாவும், 1954இல் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படமும் இப்பார்வையின் இரு முனைகளாகும். முன்னது சமண அறநெறியையும் பின்னது பகுத்தறிவுச் சார்பையும் பின்புலமாகக் கொண்டவை. எனினும், நோயைத் தண்டனையாகக் கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இதே கையை 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் பற்றிப் பார்த்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, அதை நரம்பிழப்பின் விளைவாகவும் திருத்தத்தக்க உறுப்பாகவும் கண்டார். இவ்விரு பார்வைகளையும் ஒப்பிடும் இக்கட்டுரை, மேற்குறித்த பனுவல்களை இன்று வாசிக்கும் முறையிலும் கற்பிக்கும் முறையிலும் வேண்டப்படும் மாற்றத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கை, தொழுநோய், வினைப்பயன், நாலடியார், ரத்தக்கண்ணீர், திருமணி, பால் பிராண்டு.

முன்னுரை

திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலையின் அடிவாரத்தில், திருவிழா நாட்களில், விரல் மடங்கிய கைகளை நீட்டி அமர்ந்திருந்தோரை இக்கட்டுரையாளர் சிறுவயதில் கண்டதுண்டு. அவர்களுக்குக் காசிடச் சொல்லும் வீட்டுப் பெரியவர்கள், “முன்ன செஞ்ச வினை” என்றும் சேர்த்தே சொல்வார்கள். இரக்கமும் தீர்ப்பும் ஒரே மூச்சில் வந்தன. காசு கையில் படாமல் தட்டில் விழவேண்டும் என்பதும் சொல்லாமலே அறியப்பட்ட நெறியாக இருந்தது. நோய் நீங்கும் என நம்பிப் பலர் நீராடும் சங்கு தீர்த்தம் அதே ஊரில்தான் உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள செங்கற்பட்டை ஒட்டிய திருமணியில், அந்தக் கைகளின் வரலாற்றையே மாற்றிய ஓர் ஆய்வு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரையாளர் அறிந்தது முனைவர் பட்ட ஆய்வுக்காக நூல்களைத் தேடத் தொடங்கிய பின்னரே.

ஒரே வட்டாரத்தில் ஒரே கைக்கு இரு விளக்கங்கள் அருகருகே நிலவியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று இலக்கியத்தின் வழியாகவும் திரைப்படத்தின் வழியாகவும் மக்கள் நாவில் நிலைத்தது. மற்றொன்று மருத்துவ நூல்களுக்குள் தங்கிவிட்டது. இது ஏன் நேர்ந்தது என்பதும், இதில் திறனாய்வுக்கு உரிய பொறுப்பு யாது என்பதும் இக்கட்டுரையின் வினாக்களாகும்.

கை: உறுப்பும் ஒழுக்கமும்

தமிழில் ‘கை’ என்னும் சொல் உறுப்பை மட்டும் சுட்டுவதன்று. அதற்குச் செயல், ஒழுக்கம் ஆகிய பொருள்களும் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்பிடும் ‘கையறுநிலை’ என்னும் துறை, இறந்தோரை எண்ணி எஞ்சியோர் செயலற்றுப் புலம்பும் நிலையாகும். செயலறுதலைக் ‘கை அறுதல்’ என வழங்கும் மொழியில், கைக்கு நேரும் ஊறு வெறும் உடல் ஊறாக நின்றுவிடுவதில்லை; அது செய்தவனைப் பற்றிய செய்தியாகவும் மாறிவிடுகிறது.

இதற்குக் காப்பியங்களும் புராணங்களும் சான்று தருகின்றன. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் வரலாற்றில், கீரந்தையின் வீட்டுக் கதவைத் தட்டிய பாண்டியன், அதனால் விளைந்த பழியைப் போக்கத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆகிறான். பெரியபுராணத்தில், திருவாரூர்க் கோயிலில் இறைவனுக்குரிய பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணையார் அரிகிறார். பூவை முதலில் எடுத்தது கையே என்று கூறி, அவள் கணவரான கழற்சிங்கர் அக்கையை வெட்டுகிறார். சந்தனக்கட்டை கிடைக்காத நாளில் மூர்த்தி நாயனார் தம் முழங்கையையே கல்லில் தேய்க்கிறார்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் கை முறையே நீதியின் சான்றாகவும் குற்றத்தின் கருவியாகவும் பத்தியின் காணிக்கையாகவும் அமைகிறது. மூன்றுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு: கையின் ஊறு ஒரு செயலுக்கு விடையாக நிகழ்கிறது, காரணமின்றி, தற்செயலாக, கைக்கு எதுவும் நேர்வதில்லை. இந்த வாசிப்பு மரபுக்குள்தான் தொழுநோயுற்ற கையும் வந்து சேர்கிறது. தானே வெட்டிக்கொண்ட கைக்கு அதன் காரணம் வெளிப்படையானது. காரணம் தெரியாமல் தேய்ந்து குறுகும் கைக்கோ ஒரு காரணத்தைப் புனைந்தே ஆகவேண்டும். அதற்கு முற்பிறப்பு இடமளித்தது.

நாலடியார்: சரியான காட்சி, பிழையான காரணம்

நாலடியார் அறத்துப்பாலின் இறுதி அதிகாரமான ‘தீவினையச்சம்’, செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே ஓர் உருவ ஒப்புமையை நிறுவுகிறது. காட்டில் வாழும் சிவலையும் குறும்பூழையும் கூட்டில் அடைத்து வைத்தோர், காலில் இரும்புத் தளை பூண்டு பிறர்க்கு ஆளாவர் என்கிறது அதன் 122ஆம் வெண்பா. அடுத்த வெண்பா நண்டைப் பற்றியது. முற்பிறப்பில் நண்டின் மீது விருப்பம் வைத்து அதன் காலை ஒடித்துத் தின்ற வினை வந்து சேர்கையில், உள்ளங்கை மட்டும் எஞ்ச, விரல்கள் அழுகித் தொழுநோய் தோன்றும் என்பது அதன் கருத்து.

இவ்வெண்பாவில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, காட்சியின் துல்லியம். கை முழுவதும் அழிவதாகப் பாடல் கூறவில்லை. உள்ளங்கை நிற்க விரல்கள் மட்டும் தேய்வதாகவே கூறுகிறது. முற்றிய நிலையிலுள்ள தொழுநோயாளர் பலரின் கையில் காணப்படுவதும் இதுவே. இதை எழுதிய புலவர் அத்தகைய கையை நேரில் கண்டிருக்க வேண்டும் என ஊகிக்க இடமுண்டு.

இரண்டாவது, வலியைப் பற்றிய கணக்கு. பாடலின் அறம் நண்டின் வலியை மதிக்கிறது. சிற்றுயிரின் துன்பத்தையும் மனிதக் கணக்கில் சேர்க்கும் இவ்வறத்தின் பெருமையை மறுக்க இயலாது. ஆயினும், நண்டு பட்ட வலிக்கு ஈடாக மனிதனுக்குத் தரப்படும் நோயின் தன்மை என்ன? தொழுநோயின் அடிப்படைக் கூறு உணர்விழப்பு. நோய் முற்றிய கையில் நெருப்பு சுடுவதில்லை. கத்தி வெட்டினாலும் தெரிவதில்லை. நண்டு உணர்ந்த வலியை இந்தக் கை உணர்வதே இல்லை. வலிக்கு வலி எனச் சமன் செய்ய முயலும் பாடலின் தராசு, நோயின் இயல்பு தெரிந்தவுடன் சாய்ந்துவிடுகிறது. கையின் தோற்றத்தைக் கூர்ந்து நோக்கிய பார்வை, அந்தக் கைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை எட்டவில்லை. எட்டுவதற்கான கருவிகள் அக்காலத்தில் இல்லை. எனவே, குறை புலவருடையதன்று. அக்காலத்து விளக்கத்தை இக்காலத்திலும் விளக்கமாகவே சுமப்பதுதான் நம் குறை.

ரத்தக்கண்ணீர்: சிலையாகும் உடல்

திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம்.ஆர். ராதா நடித்துப் புகழ்பெற்ற ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1954இல் திரைப்படமாயிற்று. வெளிநாட்டிலிருந்து திரும்பும் செல்வந்தனான மோகனசுந்தரம், தாயையும் மனைவி சந்திராவையும் இகழ்ந்து, காந்தா என்னும் பெண்ணின் வீட்டில் செல்வத்தை இழக்கிறான். தொழுநோயுற்றுத் தெருவில் இரக்கிறான். தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணம் செய்விக்கிறான். நோயுற்ற தன் உருவத்தைப் பிறருக்குப் பாடமாகச் சிலை வைக்க வேண்டும் என்பது அவனது இறுதி விருப்பம்.

ராதா பெரியாரின் தொண்டர். படத்தின் உரையாடல்கள் மூடநம்பிக்கையையும் மேட்டிமையையும் எள்ளி நகையாடுபவை. மனைவியின் மறுமணத்தைக் கணவனே முன்னின்று நடத்தும் முடிவு, அக்காலத் தமிழ்த் திரையில் துணிவானது. இக்காரணங்களால் இப்படம் பகுத்தறிவுக் கலையின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அம்மதிப்பீட்டில் பெரும்பகுதி நியாயமானதே.

ஆயினும், கதையின் அச்சாணி வேறொன்றைச் சொல்கிறது. மோகனுக்கு நோய் வருவது ஒழுக்கக்கேட்டின் தொடர்ச்சியாகவே காட்டப்படுகிறது. தொழுநோய் பால்வினை நோயன்று. 1873இல் ஆன்சன் கண்டறிந்த நுண்ணுயிரியால் விளையும் இந்நோய், சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது, பெரும்பாலும் மூச்சுவழி நீர்த்துளிகளால் பரவுகிறது. மக்களுள் மிகப் பெரும்பான்மையோர்க்கு இயல்பாகவே இதற்கு எதிர்ப்பாற்றல் உண்டு. தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே ஆண்டுகள் பல கழியலாம். ஆகவே, மோகனின் நோய்க்கும் காந்தாவின் வீட்டுக்கும் மருத்துவ முறையில் தொடர்பில்லை. அத்தொடர்பை உண்டாக்குவது கதையின் அறக்கணக்கே.

நாலடியார் முற்பிறப்பில் வைத்த வினையைத் திரைப்படம் இப்பிறப்புக்குக் கொண்டுவந்தது. நண்டின் இடத்தில் பரத்தமையை வைத்தது. மறுபிறப்பு நீக்கப்பட்டது, வினைப்பயன் என்னும் கட்டுமானம் அப்படியே நின்றது. கடவுளை எள்ளிய ஒரு கலை, கடவுள் வழங்கும் தண்டனையின் வடிவத்தை மட்டும் எள்ளாமல் விட்டது என்பதே இப்படத்தின் ஆழ்ந்த முரண்.

சிலை என்னும் முடிவு இம்முரணை உறுதிப்படுத்துகிறது. சிலையை ஒருவரும் நலம் விசாரிப்பதில்லை. அது குணமடைவதுமில்லை. நோயாளியை எச்சரிக்கைப் பலகையாக நிறுத்திவிட்டால், அவரது கை இனி எதையும் பற்றவேண்டியதில்லை. பிறர் பார்த்தால் போதும். கல்லில் உருவம் செதுக்கும் மாமல்லபுரத்துக்கு அருகில் வளர்ந்த ஒருவருக்கு இங்கே மற்றோர் எண்ணமும் எழும். உளியைப் பிடிக்கப் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து நிற்க வேண்டும். விரல்கள் நீளவும் மடங்கவும் வேண்டும். தொழுநோய் முதலில் பறிப்பது இவ்வாற்றல்களையே. படம் நோயாளியைச் சிலையாக்கியது. அவர் உளி பிடிக்கும் கையைத் திரும்பப் பெறலாம் என்னும் எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

திருமணி, 1947: பற்றிய கை

அந்த எண்ணம் படம் வெளிவருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே செங்கற்பட்டில் பிறந்துவிட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்டு, அப்போது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அழைத்ததன் பேரில், 1947இல் அவர் திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு, நகம் பதியும் அளவுக்கு வன்மையான பிடி கிடைத்தது. பிராண்டு பிற்காலத்தில் இந்நிகழ்வைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

அப்பிடி உணர்த்திய உண்மை எளியது. கையின் தசைகள் அனைத்தும் செயலிழக்கவில்லை. தொழுநோய் நுண்ணுயிரி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. எனவே, நரம்புகள் தோலுக்கு அணுக்கமாகச் செல்லும் இடங்களிலேயே பெரிதும் தாக்குகிறது. முழங்கையின் உட்புறத்தில் அல்நார் நரம்பும் மணிக்கட்டருகே மீடியன் நரம்பும் தாக்குறும்போது, கைக்குள்ளேயே அமைந்த சிறுதசைகள் வலுவிழக்கின்றன. அதனால் விரல்களின் அடிமூட்டு பின்னோக்கி வளைய, மேல்மூட்டுகள் உள்நோக்கி மடங்குகின்றன. பெருவிரல் எதிர்நிற்கும் ஆற்றலை இழக்கிறது. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளோ பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் தசைநாணை வழிமாற்றி, கிளைகளாகப் பிரித்து விரல்களில் இணைத்தால், மடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரலாம். 1948 முதல் வேலூரில் இவ்வறுவைகள் தொடங்கின.

விரல்கள் ஏன் குறுகுகின்றன என்னும் வினாவுக்கும் அங்கே விடை கிடைத்தது. நோய் தசையை அழுகச் செய்வதாகவே அதுவரை கருதப்பட்டது. நோயாளரின் அன்றாடத்தைக் கவனித்தபோது வேறு காரணங்கள் புலப்பட்டன. சூடான பாத்திரத்தைத் துணியின்றிப் பற்றுதல், துருப்பிடித்த சாவியை எலும்பு தெரியும் அளவுக்கு அழுத்தித் திருப்புதல், உறங்கும்போது எலி கடிப்பதை உணராதிருத்தல் ஆகியவற்றால் புண்கள் உண்டாயின. வலி தடுக்காததால் அப்புண்களோடே வேலை தொடர்ந்தது. மீண்டும் மீண்டும் காயமும் சீழும் ஏற்பட, எலும்பு சிறுகச் சிறுகக் கரைந்தது. விரல்கள் அழுகி விழவில்லை, காவலின்றித் தேய்ந்தன. வலி என்பது உடலுக்குக் காவல் என்னும் பிராண்டின் புகழ்பெற்ற கருத்து இங்கிருந்தே உருவாயிற்று.

ஈண்டு ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்வதைக் காணலாம். நாலடியாரில் நோய் ஒரு வலிக்கு விடையாகத் தரப்படுகிறது. திருமணியிலோ வலி இல்லாமையே நோயின் கேடாக அறியப்படுகிறது. அந்தச் சந்திப்பில் வலியை உணர்ந்தவர் மருத்துவர். பற்றியவருக்குத் தம் பிடியின் வன்மை தெரியவில்லை. பார்த்த கை தண்டனையாகத் தோன்றியது. பற்றிய கை வேலை செய்யக்கூடிய உறுப்பாக விளங்கியது. இரு அறிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு தொடுதலில்தான் உள்ளது.

எனினும், அறுவையால் மட்டும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கை திருந்திய நோயாளர் சிலர், இக்கைகளைக் காட்டினால் முன்போல் பிச்சை கிடைப்பதில்லை என்று முறையிட்டதைப் பிராண்டு பதிவுசெய்துள்ளார். இரப்போரின் கை ஒரு பனுவல் என்பதையும், அதை எவ்வாறு வாசித்துச் சமூகம் காசிடுகிறது என்பதையும் இம்முறையீட்டைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது. வாசிப்பு மாறாத இடத்தில் திருந்திய கை பிழைப்பை இழந்தது. அதனால்தான் வேலூரில் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில் அறுவைக்குப் பின் தச்சுப் பணியும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன.

மாற்று வாதங்கள்

இவ்வாசிப்புக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். இலக்கியத்தில் நோய் ஓர் உருவகம். அதை மருத்துவ அளவுகோலால் அளப்பது முறையன்று என்பது முதலாவது. சூசன் சாண்டாக் 1978இல் வெளியிட்ட நோயும் உருவகமும் குறித்த நூல் இதற்கு விடை தருகிறது. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஏற்றப்பட்ட உருவகங்கள் நோயாளரையே வருத்துவதை அவர் எடுத்துக்காட்டினார். தமிழ்ச்சூழலில் இதன் வன்மை கூடுதலானது. ஏனெனில், உருவகம் சட்டத்துக்கும் துணைநின்றது. இரந்து வாழும் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் விதி 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அகன்றது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் பரிந்துரைத்து, நோய் முற்றிலும் குணமாகும் நிலை வந்த பின்னரும், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்விதி நீடித்தது.

பழம்பனுவலை இன்றைய அறிவால் குற்றஞ்சாட்டுவது காலவழு என்பது இரண்டாவது மறுப்பு. இதை இக்கட்டுரை ஏற்கிறது. நாலடியார்ப் புலவரைக் குற்றஞ்சாட்டுவது இதன் நோக்கமன்று. ஆனால், திரைப்படத்துக்கு இவ்விலக்கு முழுமையாகப் பொருந்தாது. அது வெளிவந்தபோது டாப்சோன் மருந்து வழக்கத்துக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1955இல், திருமணி மருத்துவமனையை நடுவண் அரசு ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அறிவு அருகிலேயே இருந்தது. கலை அதைத் தேடவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: தமிழ்ப் பனுவல் மரபில் கை செயலின் குறியாக நிற்பதால், அதன் ஊறு வினைப்பயனாக வாசிக்கப்படுகிறது. நாலடியார் வெண்பா கையின் தோற்றத்தைத் துல்லியமாகக் கண்டு, காரணத்தை முற்பிறப்பில் வைத்தது. ‘ரத்தக்கண்ணீர்’ மறுபிறப்பை விலக்கியும் தண்டனை என்னும் வடிவத்தை விலக்கவில்லை. திருமணியில் கையைப் பற்றிப் பார்த்த அறிவே இவ்வடிவத்தை உடைத்தது.

இப்பனுவல்களைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. இவ்வெண்பாவை வகுப்பில் விளக்கும்போது, பொழிப்புரையோடு நிறுத்தாமல், பாடல் சரியாகக் கண்டது எது, காணமுடியாதது எது என இரண்டையும் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவரின் பாட்டனாருக்கோ தாய்க்கோ மடங்கிய விரல்கள் இருக்கலாம். நோய் முற்றிலும் குணமான பின்னரும் நரம்பிழந்த கை பல வேளைகளில் அப்படியே எஞ்சுகிறது. பொழிப்புரையை மட்டும் கேட்கும் அம்மாணவர், தம் வீட்டிலுள்ள அந்தக் கைக்கு என்ன குற்றம் ஏற்றப்பட்டது என்பதை அறிந்துகொண்டு வீடு திரும்புவார். அவ்வாறு நேராமல் காப்பது உரையாசிரியர் மரபின் இன்றைய கடமையாகும்.